மாதம் ஐந்து டொலர், ஒரு ரிப்பீட்டர்

எங்கள் சனத்துக்குக் காசு கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கோயிலில் கொடி ஏறினால் ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட வேண்டுமென்றால், பழைய மாணவர் சங்கம் இங்கே ஒரு மண்டபம் எடுத்து, இராப்போசனம் போட்டு, ஒரே இரவில் காசைச் சேர்த்துவிடும். 2004 இல் சுனாமி வந்தபோது எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் உண்டியல்கூட உடைந்தது. கொடுக்கிற பழக்கம் எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. அதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கேட்க வந்தது வேறொரு சின்ன விஷயம். நீங்கள் இப்போது வாழும் ஊரில், அநேகமாக ஒரு நூலக அறையிலோ தேவாலயத்தின் கீழ்த்தளத்திலோ, மாதம் ஒருமுறை ஒரு ஹாம் வானொலிக் கழகம் கூடும். அந்தக் கழகத்துக்கு மாதம் ஐந்து டொலர் கொடுங்கள். ஐந்து டொலருக்கு இப்போது ஸ்காபரோவில் எத்தனை மட்டன் ரோல்ஸ் வரும் என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

"ரேடியோவுக்கா? இந்தக் காலத்திலா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

இது அம்மா கேட்கும் ரேடியோ அல்ல

அம்மா சமையலறையில் போட்டு வைக்கும் தமிழ் வானொலியில் ஒருவர் பேசுவார், ஆயிரம் பேர் கேட்பார்கள். இடையிடையே நகைக்கடை விளம்பரம் வரும், வீடு விற்கும் முகவரின் விளம்பரம் வரும். ஹாம் வானொலியில் எல்லாரும் கேட்பார்கள், எல்லாரும் பேசுவார்கள். அரசாங்கப் பரீட்சையில் சித்தியடைந்து, தனக்கென்று ஓர் அழைப்புக்குறி வாங்கிய எவரும், தன் சொந்தக் கருவியை வைத்து அடுத்த தெருவில் இருப்பவருடனும் கதைக்கலாம், அடுத்த கண்டத்தில் இருப்பவருடனும் கதைக்கலாம். நடுவில் தொலைபேசி நிறுவனம் இல்லை. மாதக் கட்டணம் இல்லை.

கனடாவில் அடிப்படைப் பரீட்சைக்கு 100 கேள்விகள். 70 சரியென்றால் சித்தி. 80 எடுத்தால் 30 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள சிற்றலைகளிலும் பேசலாம். கடல் தாண்டிப் போவது அந்த அலைகள்தான். பரீட்சையில் வரக்கூடிய எல்லாக் கேள்விகளும் முன்கூட்டியே பகிரங்கமாக வெளியிடப்பட்டிருக்கின்றன. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் செய்து பழக்கமில்லையா என்ன? வயதெல்லை கிடையாது. பத்து வயதுப் பிள்ளையும் எழுதலாம், எழுபது வயது அம்மம்மாவும் எழுதலாம். சித்தியடைந்தால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும்.

இன்னொரு சந்தோஷமான விஷயம். கனடாவில் ஹாம் வானொலியில் தமிழிலேயே கதைக்கலாம். அழைப்புக்குறியை மட்டும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொன்னால் போதும். மீதி முழுவதும் உங்கள் மொழி.

இந்த நாட்டுக்கும் வானொலிக்கும் பழைய உறவு உண்டு. 1901 டிசம்பர் 12 அன்று, நியூபவுண்ட்லாந்தின் சென். ஜோன்ஸ் நகரில், சிக்னல் ஹில் என்ற குன்றின் மேல் பட்டம் ஒன்றில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1900 டிசம்பரில், அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த றெஜினோல்ட் பெசென்டன் மனிதக் குரலைக் கம்பியில்லாமல் அனுப்பிக் காட்டினார். அவர் கியூபெக்கில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஹாம் கழகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ரிப்பீட்டர் என்றால் என்ன, அதற்கு ஏன் காசு

கையில் பிடிக்கும் சின்ன ஹாம் கருவி ஒன்றின் வலு ஐந்து வாற் அளவுதான். அது பெரும்பாலும் பயன்படுத்தும் 144 முதல் 148 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றவை. மேடு மறிக்கும், கட்டடம் மறிக்கும். ரொறன்ரோ மாதிரி ஒரு நகரத்தில் தரையில் நின்றுகொண்டு பேசினால் சில கிலோமீற்றரோடு சரி.

இதற்குத்தான் ரிப்பீட்டர். உயரமான ஒரு கட்டடத்தின் உச்சியிலோ கோபுரத்திலோ ஒரு பெட்டி இருக்கும். அது உங்கள் மெல்லிய குரலை ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே கணத்தில், வழமையாக 600 கிலோஹேர்ட்ஸ் தள்ளியுள்ள இன்னோர் அலைவரிசையில், கூடிய வலுவோடு திரும்பச் சொல்லும். அதனால் நகரத்தின் ஒரு முனையில் இருப்பவரின் குரல் மறுமுனைக்குப் போய்ச் சேரும். கேட்பதும் சொல்வதும் ஒரே நேரத்தில் ஒரே அன்ரெனாவில் நடக்க வேண்டும். தன் சத்தமே தன் காதை அடைத்துவிடாமல் இருக்க, டுப்ளெக்சர் என்ற நீளமான உலோக உருளைகளைப் பூட்டி, நுணுக்கமாகச் சரிசெய்து வைப்பார்கள். அந்த உருளைகளுக்கு மட்டும் ஆயிரம் டொலருக்கு மேல் போகலாம்.

அதோடு முடியாது. மின்சாரம் போனால் தாங்கும் பற்றரிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். அன்ரெனாவுக்குப் போகும் தடித்த கேபிள் எங்கள் மாரியிலும் கோடையிலும் கிடந்து வெடிக்கும். கோபுரத்தில் ஏறப் பயிற்சி பெற்ற ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். காப்புறுதி இல்லாமல் எந்தக் கட்டட உரிமையாளரும் கூரையில் கால்வைக்க விடமாட்டார். கூட்டம் நடத்தும் அறைக்கும் சில இடங்களில் வாடகை உண்டு.

இதற்கெல்லாம் கழகம் எப்படி உழைக்கும்? உழைக்க முடியாது. ஹாம் வானொலியில் செய்தி கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குக் காசு வாங்கச் சட்டம் இடம்கொடுக்காது. விளம்பரம் போட முடியாது. எந்தத் தொழிலுக்கும் அந்த அலைவரிசையைப் பயன்படுத்த முடியாது. தமிழ் எப்.எம். வானொலிக்கு நகைக்கடை இருக்கிறது. ஹாம் கழகத்துக்கு அதன் அங்கத்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். சந்தா, நன்கொடை, பழைய கருவி விற்கும் சந்தை. வேறு வழி இல்லை.

அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

ஒரு ஆண்டுப் பொதுக்கூட்டம்

சென்ற மாரியில் எங்கள் பகுதிக் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இருந்தேன். கதிரைகளில் பாதி வெறுமை. வந்தவர்களில் முப்பது வயதுக்குக் கீழே இருந்தது நான் ஒருத்திதான். தொடக்கத்தில் அந்த வருடம் காலமான அங்கத்தவர்களின் அழைப்புக்குறிகளை வாசித்தார்கள். ஹாம் உலகத்தில் இறந்தவரைக் குறிக்க ஒரு சொல் இருக்கிறது: ஓய்ந்த சாவி. மோர்ஸ் அடிக்கும் சாவியைச் சொல்கிறார்கள். வாசித்து முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்றோம்.

பிறகு பொருளாளர் கணக்கை வாசித்தார். கைநடுக்கம் உள்ள மனிதர். ஆனால் கணக்கில் ஒரு சதம் தவறவில்லை. கழகத்திடம் இரண்டு ரிப்பீட்டர்கள். ஒன்றின் பற்றரிகள் செத்துவிட்டன. அது இருக்கும் கட்டடத்தின் கூரையைத் திருத்தப்போகிறார்கள், ஆகவே அன்ரெனாவை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து வரும் செலவு, கையிருப்பைவிடக் கூட. அதனால் ஒரு பிரேரணை வந்தது: அந்த ரிப்பீட்டரை இறக்கி, இனி ஏற்றாமல் விடுவோமா?

யாரும் சண்டை பிடிக்கவில்லை. ஒருவர் மட்டும், "இறக்கினால் அந்த அலைவரிசை எங்கள் கையில் இருக்காது, வேறு யாராவது கேட்டு வாங்கிவிடுவார்கள்" என்றார். இன்னொருவர், "ஏற்றினாலும் அதில் கதைக்க ஆர் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. முடிவு மூன்று மாதத்துக்குத் தள்ளிப்போனது. காசு சேருமா என்று பார்ப்பதற்காக.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் நாங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"கைத்தொலைபேசி இருக்கிறதே"

இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் அதுவே போதும். நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் 2003 ஓகஸ்ட் 14 ஐ உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அன்று பின்னேரம் ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. போக்குவரத்து விளக்குகள் இல்லை, சுரங்க ரயில் இல்லை, கைத்தொலைபேசியில் அழைப்பு எடுக்கப் பெரும் பாடு. 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் பனிக்கட்டி மழை பெய்து, மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. சில இடங்களில் வாரக்கணக்கில் இருட்டு. ஹாம் ஆட்கள் அப்போது தங்குமிடங்களுக்கும் நகரசபைகளுக்கும் இடையே செய்தி கொண்டுபோனார்கள். 2022 ஜூலை 8 உங்களுக்கே ஞாபகம் இருக்கும். நாட்டின் மிகப்பெரிய தொலைத்தொடர்பு வலையமைப்புகளில் ஒன்று காலையிலேயே படுத்துவிட்டது. கடைகளில் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. பலருக்கு 911 ஐக்கூட எடுக்க முடியவில்லை.

கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், பின்னால் ஃபைபர் வேண்டும், அதற்கும் பின்னால் யாரோ ஒரு நிறுவனத்தின் கணினி வேண்டும். ஒன்று அறுந்தால் எல்லாம் போச்சு. ரிப்பீட்டருக்கு ஒரு பற்றரி போதும். அதுவும் விழுந்தால், இரண்டு ஹாம் ஆட்களும் ஆளுக்கொரு கம்பியும் போதும்.

ஆனால் ஒன்று. அந்தப் பற்றரி, மின்சாரம் போகும் நாளில் ஏற்கெனவே அங்கே இருந்தாக வேண்டும். எங்கள் சமூகத்தின் கொடையில் எனக்குள்ள ஒரே குறை இதுதான். இடி விழுந்த பிறகு நாங்கள் அள்ளிக் கொடுப்போம். இடி விழாத வருடங்களில் பராமரிப்புக்குக் கொடுக்க மாட்டோம். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற வேலை. ஒரு ஹாம் கழகத்துக்கு ஒன்றும் நடக்காத பத்து வருடங்களில் கொடுக்கப்படும் ஐந்து ஐந்து டொலர்கள்தான் தேவை. பேரிடர் நடக்கும் நாளில் கொடுக்கும் ஐயாயிரம் டொலரால் அன்றைக்கு ஒரு அன்ரெனாவும் ஏறாது.

"அது வெள்ளைக்காரத் தாத்தாக்களின் பொழுதுபோக்கு"

பொழுதுபோக்குத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொழுதுபோக்கு என்ன செய்யும் என்பதற்கு எங்கள் கடலிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண் ஹாம், ஒரு சிறு குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேயருக்குப் போயிருந்தார். அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் வானொலியில் குரல் கேட்டுப் பல வருடங்களாகியிருந்தது. அனுமதி எடுக்கவே அவருக்கு வருடக்கணக்கில் பிடித்தது. போன காரணம் சுத்தமான பொழுதுபோக்கு: அரிதான ஓர் இடத்திலிருந்து உலக ஹாம்களோடு கதைப்பது. டிசம்பர் 26 காலை நிலம் ஆடியது, கடல் வந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. விளையாட்டுக்காகப் பூட்டிய அதே கருவிகளும் அன்ரெனாக்களும் தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்திப் பாலமாகின. யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே என்ன தேவை என்ற செய்திகள் அந்த வழியாகப் போயின. இலங்கையில், அந்நாட்டு ஹாம் சங்கத்தினர் கருவிகளோடு அம்பாந்தோட்டைக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குத் தொடர்பு ஏற்படுத்தினார்கள்.

அந்தக் கருவிகளை எந்த அரசாங்கமும் பேரிடருக்கென்று வாங்கி வைக்கவில்லை. பொழுதுபோக்குக்காரர்கள் தங்கள் காசில் வாங்கி, சனிக்கிழமைகளில் பழகி, தயாராக வைத்திருந்தார்கள். விளையாட்டாகப் பழகிய கைக்குத்தான் நெருக்கடியில் பதற்றம் வராது. இங்கேயும் ஒவ்வொரு ஜூன் மாதமும், நான்காவது வார இறுதியில், வட அமெரிக்கக் கழகங்கள் பூங்காக்களில் கூடாரம் போட்டு, பற்றரியிலும் ஜெனரேற்றரிலும் சூரியத் தகட்டிலும் இருபத்துநான்கு மணிநேரம் வானொலி நடத்துவார்கள். பார்ப்பதற்கு ஒன்றுகூடல் மாதிரி இருக்கும். பாபிக்யூவும் இருக்கும். உண்மையில் அது ஒத்திகை.

"தாத்தாக்கள்" என்பதும் ஓரளவு உண்மைதான். உள்ளே போகும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பார்வை "நீ ஏன் வந்தாய்" என்ற பார்வை அல்ல. "ஒருவழியாக யாரோ வந்துவிட்டார்கள்" என்ற பார்வை. எனக்கு சோல்டரிங் பழக்கியவர் எண்பதைத் தாண்டியவர். ஒரு இணைப்பியை நான் எட்டுத் தரம் கழற்றிப் பூட்டினேன். ஒவ்வொரு தரமும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், ஒரு தரமும் சலிக்கவில்லை. இந்த அறிவுக்குப் புத்தகம் கிடையாது. அவரோடு அது போய்விடும், நாங்கள் இப்போது போய் வாங்கிக்கொள்ளாவிட்டால்.

"வன்னியில் பிள்ளைகள் கஷ்டப்படும்போது ரேடியோவா?"

இதுதான் கடினமான கேள்வி. இதை நான் சாட்டுச் சொல்லித் தட்டிவிட மாட்டேன்.

ஊருக்கு அனுப்பும் காசில் கை வைக்காதீர்கள். அது முதலாவது. ஒரு பிள்ளையின் படிப்புக்கு நீங்கள் மாதாமாதம் அனுப்புவதை நிறுத்தி ஹாம் கழகத்துக்குக் கொடுக்கச் சொன்னால் நான் பைத்தியம். நான் கேட்பது ரோல்ஸ் காசு. நீங்கள் பார்ப்பதையே மறந்துவிட்ட ஏதோ ஒரு ஸ்ட்ரீமிங் சந்தாவின் காசு.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு எண்ணம் ஒளிந்திருக்கிறது: எங்கள் கடமை எல்லாம் அங்கே, இங்கே நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். அம்மா அப்பாவுக்கு அப்படித் தோன்றியதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் ஒரு சூட்கேசோடு வந்தவர்கள். நாங்கள் இங்கே பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாக வந்தவர்கள். இந்த ஊர் நூலகத்தில் படித்தோம், இந்த ஊர்ப் பூங்காவில் பந்தடித்தோம். இங்கே வெள்ளம் வந்தால் எங்கள் வீட்டு நிலவறைதான் நிரம்பும். இங்கே மின்சாரம் போனால் ஒக்சிசன் இயந்திரத்தோடு பதின்நான்காம் மாடியில் மாட்டிக்கொள்வது எங்கள் அப்பப்பாதான். இந்த ஊரின் தேருக்கு நாங்களும் வடம் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் ஓரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனால், தேர் எங்களுடையது என்று பிறகு சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுபோகத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்ட கதையை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் பி.பி.சி. தமிழோசைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்களைப் பற்றிய செய்தியைத் தங்களுக்கு இலண்டனிலிருந்து யாரோ சொல்ல வேண்டியிருந்தது. அவர்களால் கேட்க மட்டும்தான் முடிந்தது. திருப்பிச் சொல்ல ஒரு கருவி வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

எங்களுக்கு இங்கே 100 கேள்விக்குப் பதில் எழுதினால் திருப்பிச் சொல்லும் உரிமை கிடைக்கிறது. கேட்க மட்டும் முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கு, பேச ஓர் அலைவரிசை. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அலைவரிசை தரிசு நிலம் மாதிரி

வானலைகள் பொதுச் சொத்து. அரசாங்கங்கள் கூடிப் பேசி, இந்தத் துண்டு விமானத்துக்கு, இந்தத் துண்டு கைத்தொலைபேசிக்கு, இந்தத் துண்டு ஹாம்களுக்கு என்று பிரித்துக் கொடுக்கின்றன. பயன்படுத்தாமல் கிடக்கும் காணிக்கு என்ன நடக்கும் என்று எங்கள் சனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலி மெல்ல மெல்ல நகரும்.

2019 இல் ஐரோப்பாவில் பிரான்ஸ் ஒரு யோசனையை முன்வைத்தது: ஹாம்கள் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹேர்ட்ஸ் வரையான துண்டை விமானப் பயன்பாட்டுக்கும் கொடுக்கலாமா என்று ஆராயலாம் என்பது. பல நாடுகளின் ஹாம் சங்கங்கள் கணக்கும் காரணமும் காட்டி எதிர்த்தன. யோசனை கைவிடப்பட்டது. கேட்க ஆள் இருந்தபடியால் அது நின்றது. உள்ளூர்க் கழகங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு, ரிப்பீட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கினால், அடுத்த முறை கேட்க ஆள் இருக்குமா?

எப்படிக் கொடுப்பது

உணர்ச்சிவசப்பட்டு எங்கேயாவது காசைப் போடாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்.

முதலில், ஒரு கூட்டத்துக்குப் போங்கள். பெரும்பாலும் யாரும் போய் இருக்கலாம், அங்கத்தவராக இருக்கத் தேவையில்லை. ரிப்பீட்டர் எங்கே இருக்கிறது, அதன் நிலை என்ன, கடந்த வருடக் கணக்கைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நேர்மையான கழகம் சந்தோஷமாகக் காட்டும். காட்டத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

இரண்டாவது, கழகத்தின் பெயரிலுள்ள கணக்குக்குக் கொடுங்கள், தனிநபர் கணக்குக்கு அல்ல. வரிச் சலுகைக்கான பற்றுச்சீட்டு வேண்டுமென்றால், அந்தக் கழகம் பதிவுசெய்யப்பட்ட அறநிலையமா என்று கனடா வருமான முகவரகத்தின் பகிரங்கப் பட்டியலில் பாருங்கள். பல கழகங்கள் இலாபநோக்கில்லாத அமைப்புகள்தான், ஆனால் அறநிலையமாகப் பதிவு இல்லை. அவற்றால் பற்றுச்சீட்டு தர முடியாது. ஐந்து டொலருக்கு அது பெரிய இழப்பும் அல்ல. பிரித்தானியாவில் இருப்பவர்கள், கழகம் அறநிலையமாக இருந்தால் கிவ்ட் எயிட் படிவத்தை நிரப்ப மறக்காதீர்கள். வரி கட்டுபவராக இருந்தால் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்க்கும்.

மூன்றாவது, பெயர் எழுதச் சொல்லாதீர்கள். எங்கள் கோயில்களில் ரியூப் லைற்றில் "உபயம்" என்று பெரிசாக எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைத்த கதை உங்களுக்குத் தெரியும். ரிப்பீட்டரில் பெயர் எழுத இடமில்லை, அது நல்லது. "இது புது அன்ரெனாவுக்கு மட்டும்" என்றும் கட்டிப்போடாதீர்கள். காப்புறுதிக்கும் கூரை வாடகைக்கும் கொடுக்க எவருக்கும் ஆசை வராது. கழகங்கள் விழுவது அந்த அலுப்பான பில்களில்தான். பொதுக் கணக்குக்குக் கொடுங்கள்.

நான்காவது, ஒரு முறை பெரிதாகக் கொடுப்பதைவிட மாதாமாதம் சிறிதாகக் கொடுங்கள். பொருளாளருக்கு அடுத்த வருடம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் பற்றரி வாங்கத் திட்டம் போடலாம். கணக்கைப் பாருங்கள்: ஐந்து டொலர், பன்னிரண்டு மாதம், 60 டொலர். உங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கத்தில் இருபது பேர் சேர்ந்தால் வருடத்துக்கு 1,200 டொலர். ஒரு ரிப்பீட்டரின் பற்றரிகளை மாற்ற அது போதலாம். சீட்டுப் பிடித்தே வீடு வாங்கிய சனத்தின் பிள்ளைகள் நாங்கள். இருபது பேரிடம் ஐந்து டொலர் சேர்ப்பது எங்களுக்குப் புதிதா?

ஐந்தாவது, காசு இல்லாவிட்டால் கையைக் கொடுங்கள். கணக்கியல் படிப்பவர் அந்தக் கைநடுங்கும் பொருளாளருக்கு உதவலாம். கணினி தெரிந்தவர் அங்கத்தவர் பட்டியலை ஒழுங்காக்கலாம். எழுதத் தெரிந்தவர் நகரசபையின் மானிய விண்ணப்பத்தை நிரப்பலாம். பழைய மடிக்கணினி இருந்தால், தேவையா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீட்டுக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவது நன்கொடை ஆகாது.

கடைசியாக

நீங்கள் கனடாவில் இல்லாமல் இருக்கலாம். ஒஸ்லோவிலோ, பேர்லினிலோ, மெல்பேர்ணிலோ, கோலாலம்பூரிலோ இருக்கலாம். பரீட்சை மாறும், காசின் பெயர் மாறும். ஆனால் அங்கேயும் ஓர் அறையில் சில பேர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை இறக்கலாம், எதை வைத்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் உங்களிடம் வந்து கேட்க மாட்டார்கள். உங்களிடம் கேட்கலாம் என்றே அவர்களுக்குத் தோன்றாது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் அக்கறை இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் நாங்கள்தான் போக வேண்டும். எங்கள் கழகத்தின் அடுத்த கூட்டத்துக்கு நான் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆளுக்கு ஒரு வருடக் காசைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்த ரிப்பீட்டரில் கதைக்க நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லப்போகிறோம். அந்த நால்வரில் இருவர் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிரேரணை எப்படிப் போகும் என்று தெரியாது. ஆனால் வாக்கெடுப்பு நடக்கும்போது கதிரைகளில் நாங்கள் இருப்போம்.

உங்கள் ஊர்க் கழகம் எப்போது கூடுகிறது என்று இன்றிரவே பாருங்கள். ஹாம்கள் விடைபெறும்போது "செவன்ரி த்ரீ" என்பார்கள். நல்வாழ்த்துகள் என்று அர்த்தம்.

எல்லாருக்கும் 73.